எருக்கங்காட்டுக்கு ஒரு சந்தா

மவுஸை இவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை, நீலமேகம் சார் பர்சனல் மேனேஜர், இந்தச் சிமெண்ட் ஆலைக்குள் யார் வரலாம், யார் போக வேண்டும் என்று கையெழுத்துப் போடுகிற விரல்கள் அவை, நான் கணினிப் பிரிவில் லாரிக் கணக்கு அடிக்கிறவள், விரலை இப்படி வையுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது. சாப்பாட்டு நேரம் முடிகிற சமயத்தில் ஆள் அனுப்பினார், ரெஜினாவை வரச்சொல்லு, கம்ப்யூட்டர்ல ஒண்ணு கத்துக்கணும் என்று, டிபன் பையைக்கூட வைக்காமல் கையோடு வந்துவிட்டேன், பை இப்போது என் மடியில் இருக்கிறது. "பிஸ்கட் எடுத்துக்கம்மா," என்று தட்டை நகர்த்துகிறார். "இந்த பிளாக், பிளாக்குங்கறாங்களே, அதைக் கொஞ்சம் சொல்லிக்குடு. ஹெட் ஆபீஸ்ல ஒரு அட்ரஸைக் குடுத்து தெனம் பாருங்கன்னு உசுரை வாங்கறாங்க. தெனம் போய்ப் பாக்க எனக்கு வேற சோலி இல்லையா? அவன் எழுதின உடனே நம்ம மேஜைக்கு வந்து விழற மாதிரி ஏதோ இருக்காமே." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறார். மூன்றாவது எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏர்கண்டிஷனர் ஓடுகிற அறையில் என் கழுத்துக்குப் பின்னால் வியர்க்கிறது. பக்கம் மெதுவாக இறங்குகிறது, மேலே சாம்பல் பட்டை, பிறகு பூவின் படம், பிறகு தலைப்பு, எருக்கங்காடு. நான் எழுதுகிற வலைப்பதிவு. என் மகள் பெனிட்டாவுக்கே தெரியாது. இந்தப் பக்கத்தை இவ்வளவு பெரிய திரையில் நான் பார்த்ததே இல்லை, பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டரில், பலகைத் தடுப்புக்குள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுதுகிற பக்கம், இங்கே இவர் நெற்றியில் ஏறியிருக்கிற கண்ணாடியில் இரண்டு சின்னச் சதுரங்களாகத் தெரிகிறது.

"வலைப்பதிவுன்னா நோட்டீஸ் போர்டு மாதிரி சார்," என்கிறேன், என் குரல் எப்போதும்போல இருக்கிறது, குரலுக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. "ஒருத்தர் தனக்குன்னு வச்சுக்கிற போர்டு. புதுசா ஒட்டறது மேல இருக்கும், பழசு கீழ போயிரும். ஒவ்வொண்ணுக்கும் பதிவுன்னு பேரு. படிச்சவங்க அடியில எழுதறது பின்னூட்டம்." அவர் பின்னூட்டங்களுக்கு இறங்கிவிட்டார். "மீ த ஃபர்ஸ்ட்டுன்னு ஒருத்தன் எழுதியிருக்கானே, என்னம்மா அது?" "முதல்ல வந்து படிச்சது தான்தான்னு சொல்லிக்கறாங்க சார்." "இதுல என்ன பெருமை? சரி, இந்த அனானிங்கறவன் யாரு, எல்லா எடத்துலயும் இவனே எழுதறான், கேரளாக்காரனா?" "பேர் சொல்லாம எழுதறவங்க எல்லாருக்கும் அதான் சார் பேரு." அவர் சிரிக்கிறார், தொந்தி மேஜையில் இடிக்கச் சிரிக்கிறார். "அப்ப நானும் ஒரு அனானியாப் பூந்து, தம்பி நீ எந்த செக்ஷன்னு பாசமாக் கேட்டா சொல்லிருவானா?" நானும் சிரிக்கிறேன். அவன், இவன், தம்பி. அவர் ஒவ்வொரு தடவை அவன் என்று சொல்லும்போதும் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரை இறங்குகிறது, இன்னும் ஒரு முறை சொல்லுங்கள் சார் என்று கேட்கலாம்போல இருக்கிறது. அவருக்கு ஏன் என் மேல் சந்தேகம் வரப்போகிறது, பாக்கிங் பிரிவில் மூட்டை பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி இருமி இருமிப் போனபோது, ரோஜா மாலையும் எனக்கு வேலை உத்தரவும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் இவர்தான், அந்தோணி நம்ம பிள்ளைம்மா, ஆலை உன்னைக் கைவிடாது என்றார், கைவிடவில்லை, ஆலை கொடுத்த வீட்டில் இருக்கிறேன், ஆலைப் பள்ளிக்கூடத்தில் பெனிட்டா பத்தாவது படிக்கிறாள், ஆலை டாக்டர் அவருக்குக் காசநோய் என்று எழுதிக் கொடுத்த காகிதம் பீரோவில் இருக்கிறது, அவர் துப்பியது சளி இல்லை, சாந்து, எனக்குத் தெரியும், பாத்திரம் கழுவினவள் நான். அதையா எழுதினேன், இல்லை, அதை இன்னும் எழுதவில்லை, முதலில் செடிகளைப் பற்றித்தான் எழுதினேன், தோண்டிவிட்டுப் போட்ட சுண்ணாம்புக்கல் குழிகளின் ஓரத்தில் எருக்கு மட்டும் வளர்கிறது என்று, அதன் இலை ஏன் வெளுத்திருக்கிறது என்று, பிறகு இலையில் படிந்தது எங்கிருந்து வருகிறது என்று. ஒன்றைச் சொன்னால் அடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டுகிற ஒரு தமிழ்ப் பதிவுத் திரட்டியில் சேர்த்த பிறகு நாலு பேர் படித்தார்கள், நாற்பது பேர் ஆனார்கள், இப்போது ஹெட் ஆபீஸ் படிக்கிறது.

"சரி, வந்து விழற சமாச்சாரத்துக்கு வா," என்கிறார். பக்கத்தின் ஓரத்தில் இருக்கிற ஆரஞ்சுச் சின்னத்தைக் காட்டுகிறேன், ஒரு புள்ளி, அதைச் சுற்றி இரண்டு வளைவு. "இதுக்கு ஓடைன்னு பேரு சார், செய்தியோடை. இப்ப நீங்க பால் வாங்க பூத்துக்குப் போறீங்க, பால் வந்திருக்கலாம், வராம இருக்கலாம், நடை வீண். அதுக்குப் பதிலா பால்காரர் நம்ம வீட்டுக்கே வந்தா? அதான் இது. ரீடர்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல இந்த ஓடையோட முகவரியைக் குடுத்து சந்தா சேந்துட்டா, புதுப் பதிவு போட்டதும் ரீடர் போய் எடுத்தாந்து உங்களுக்கு வச்சிரும். நாலு பேப்பரோட செய்தியும் இதே மாதிரி ஒரே எடத்துல படிக்கலாம். காசு கிடையாது." "பால்காரன் எந்தத் தெருவுல மாடு வச்சிருக்கான்னு சொல்லுமா?" "சொல்லாது சார்." சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது முள்ளாகக் குத்துகிறது. சொல்லாதா? பக்கத்தில் எழுதியவர் பெயர் வராதபடி நான் அடைப்பலகையில், பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதிவைக்கிற இடத்தில், அந்த வரியை எடுத்துவிட்டேன், எடுத்தது நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் அது பக்கம். ஓடை பக்கம் இல்லை. ஓடைக்குப் பூப்படம் கிடையாது, சாம்பல் பட்டை கிடையாது, பக்கத்தில் நான் மூடிவைத்தது எதுவும் அங்கே போகாது, தலைப்பு, தேதி, எழுதியவர், எழுத்து, அவ்வளவுதான், துணி இல்லாமல் ஓடுகிறது. எழுதியவர். கணக்கு தொடங்கிய அன்று படிவத்தில் பெயர் கேட்ட கட்டத்தில் என்ன போட்டேன்? ரெஜினா என்று போட்டு அழித்தேனா, ரெஜினா அந்தோணிசாமி என்று போட்டு அப்படியே விட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேனா? அன்றைக்கு மின்சாரம் போய் வந்தது. போவதற்கு முன் ஒரு பெயரும் வந்ததற்குப் பின் ஒரு பெயருமாகப் போட்டேன். எதற்கு முன் எது? நானே என் ஓடைக்குச் சந்தா சேர்ந்திருக்கிறேன், என் எழுத்து அடுத்தவர் வீட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையில், எல்லாப் பதிவர்களும் செய்கிற அற்பம்தான், ஆனால் அங்கே தலைப்பின் கீழே என்ன பெயர் இருந்தது என்று மட்டும் கண்ணுக்குள் வரவில்லை. நம் பெயரை நாம் எங்கே படிக்கிறோம். நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியுமா.

"சேத்து விடேன்," என்கிறார். ரீடரைத் திறக்கிறேன், அவருக்கு ஒரு கணக்குத் தொடங்கித் தருகிறேன், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது, ஆகட்டும், இணைப்பு அறுந்துபோகட்டும், ஆலையின் ஜெனரேட்டரே நின்றுபோகட்டும். போனமுறை பேச்சு வெளியே போனபோது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பெரியசாமி, எலக்ட்ரீஷியன், ஷிப்ட் மாறினதும் தூசி பிடிக்கிற எந்திரத்தை நிறுத்திவைக்கிறார்கள், கரண்டு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று ஒரு நிருபரிடம் டீக்கடையில் சொன்னவர். அதற்காக அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதே சார் அவர் தோளில் கைபோட்டு நடந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வாரமே கேட்டில் சோதனை போட்டார்கள், அவர் டிபன் பையில், தயிர்சாத டப்பாவுக்குள், சோற்றுக்கு அடியில், சுருட்டிய செம்புக் கம்பி இருந்தது. திருட்டுக் கேஸ். பெரியசாமி அழவில்லை, டப்பாவைத் திறந்து திறந்து மூடினார் என்று சொன்னார்கள், சோற்றுக்குள் எப்படி வந்தது, சோற்றுக்குள் எப்படி வந்தது என்று. மடியில் இருக்கிற பையை இறுக்கிக்கொள்கிறேன். காலையிலிருந்து இது எங்கே இருந்தது, மேஜைக்கு அடியில், நான் பிரிண்டர் காகிதம் வாங்கப் போனபோது, இல்லை, பைத்தியம், அவருக்குத் தெரிந்திருந்தால் பிஸ்கட் கொடுப்பாரா, தெரிந்திருந்தால்தான் கொடுப்பார், பெரியசாமி தோளில் கை போட்டாரே. "என்னம்மா, சுத்திக்கிட்டே இருக்கு?" "வந்துரும் சார்." முகவரியை ஒட்டுகிறேன். சேர் என்கிற பொத்தானை அவரையே அழுத்தச் சொல்கிறேன், ஏன் என்று தெரியவில்லை, என் விரலால் வேண்டாம். அழுத்துகிறார். வெள்ளைத் திரை. பிறகு தலைப்பு. தலைப்பின் கீழே, சின்ன எழுத்தில், வெளிறிய எழுத்தில், எழுதியவர் எருக்கம்பூ.

எருக்கம்பூ. மின்சாரம் வந்த பிறகு போட்ட பெயர். அந்த வெளிறிய ஆறு எழுத்தையும் தடவிக்கொடுக்கலாம்போல இருக்கிறது, முதுகு நாற்காலியில் சாய்கிறது, அது இவ்வளவு நேரம் சாயாமல் இருந்ததே இப்போதுதான் தெரிகிறது, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடிக்கிறேன், தேங்காய் மணக்கிறது. "நல்லாருக்கேம்மா," என்கிறார் நீலமேகம் சார், மவுஸின் சக்கரத்தை உருட்டக் கற்றுக்கொண்டுவிட்டார், "வரிசையா அடுக்கி வச்சிருக்கு. இன்னிக்குத்தானே சேந்தோம், பழசெல்லாம் எப்படி வந்துச்சு?" "முன்னாடியே யாராவது சந்தா சேந்திருந்தா சார், அவங்களுக்காக ரீடர் அப்பப்ப எடுத்து வச்சதெல்லாம் அங்க இருக்கும், புதுசா சேர்றவங்களுக்கும் அதைக் காட்டும்." பாடம் நடத்துகிற வேகத்தில் சொல்லிவிட்டு, சொன்னது என் காதில் விழ, பிஸ்கட் வாயில் மாவாக நிற்கிறது. அப்பப்ப எடுத்து வைத்ததெல்லாம். எடுத்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்குமா? நான் பக்கத்திலிருந்து ஒன்றைக் கிழித்துப் போட்டால், ரீடரிடம் இருக்கிற பிரதியை யார் கிழிப்பது? ஒரே ஒரு நாள், எல்லாரும் போன பிறகு ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன், சேமி என்கிற பொத்தானும் வெளியிடு என்கிற பொத்தானும் ஒட்டி ஒட்டி இருக்கும், மாற்றி அழுத்திவிட்டேன், ஒரு டீ ஆறுவதற்குள் பார்த்துவிட்டு அழித்தேன், ஒரு பின்னூட்டம்கூட வரவில்லை, யாரும் படிக்கவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். யாரும் படிக்கவில்லை. ரீடர் படித்திருக்கிறது. எனக்காகப் படித்திருக்கிறது, நான் சந்தா சேர்ந்திருந்தேன் என்பதற்காக ஓடி வந்து எடுத்து, பத்திரமாக, என்னிடம்கூடச் சொல்லாமல். சக்கரம் உருளுகிறது. மழைத் தண்ணீர் பதிவு. கிணற்றடிப் பதிவு. துணிக்கொடிப் பதிவு. போதும் சார் என்று சொல்லலாம், நாலு பேப்பர் சேர்த்துத் தரட்டுமா சார் என்று கேட்கலாம், கேட்டும் விடுகிறேன். "இரும்மா, இது என்ன, ஜன்னல்னு போட்டிருக்கு, இது அந்தப் பக்கத்துல இல்லையே," என்கிறார்.

சத்தமாகப் படிக்கிறார். அவருக்குப் படிக்க வருகிறது, மேடையில் பேசுகிறவர், நிறுத்தி நிறுத்திப் படிக்கிறார். "நான் உட்கார்ந்திருக்கும் இடத்து ஜன்னலில், இரண்டு கன்வேயர்களுக்கு நடுவே, புகைபோக்கி தெரிகிறது. மாலை ஷிப்ட் உள்ளே போனதும் தூசி பிடிக்கும் எந்திரத்தின் இரைச்சல் அடங்குகிறது. சற்று நேரத்தில் கீபோர்டின் மேல் சலித்த மாவுபோல ஒரு படிவு. அதில் விரலால் என் பெயரை எழுதலாம். எழுதவில்லை." முடித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார். எழுந்து தன் ஜன்னலுக்குப் போகிறார். இங்கிருந்து பார்த்தால் புகைபோக்கி ஒரு கன்வேயருக்கு இடப்பக்கம் தெரியும். அவர் தலையைச் சாய்த்து, நடந்து பார்க்கிறார், இந்த ஆலையின் ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் மனதால் போய் நின்று பார்க்கிறார் என்று அவர் பிடரியைப் பார்த்தாலே தெரிகிறது. லேப், இல்லை, கீழ்த்தளம். ஸ்டோர்ஸ், இல்லை, மேற்கே பார்த்தது. "ரெண்டு கன்வேயருக்கு நடுவுல," என்கிறார். "கீபோர்டு வேற இருக்கு." திரும்புகிறார். முகத்தில் கோபம் இல்லை, குறுக்கெழுத்து முடித்த சந்தோஷம் இருக்கிறது. "உங்க செக்ஷன்லதாம்மா இருக்கான்." எங்கள் பிரிவில் ஜன்னலோரம் இரண்டு மேஜை. ஒன்று என்னுடையது. இதோ, இப்போது, என்று நினைக்கிறேன், அவர் விரல் நீளுகிறது, நீண்டு என்னைத் தாண்டிப் போகிறது. "இளவழுதி. ஆயுத பூஜைக்குக் கவிதை வாசிச்சானே, சங்கே முழங்கு சங்கே முழங்குன்னு எதையோ. அன்னிக்கே நெனச்சேன், கவிதை எழுதற பய ஆவமாட்டான்னு. பக்கத்துலயே உக்காந்திருக்கான், உனக்கு ஒண்ணுமே தெரியலையாம்மா? நீ எங்க இதெல்லாம் கவனிக்கப்போற, பாவம்." டெலிபோனை எடுக்கிறார். "இளவழுதியை அனுப்பு. அப்புறம் செக்யூரிட்டி ஆபீசரையும் சாயந்தரம் என்னை வந்து பாக்கச் சொல்லு." வைத்துவிட்டு, "நீ கெளம்பும்மா, ரொம்ப தேங்க்ஸ், அருமையாச் சொல்லிக்குடுத்த," என்கிறார்.

கிளம்பலாம். பையை எடுத்துக்கொண்டு எழுந்தால் போதும், கதவு நாலு எட்டில் இருக்கிறது, திரை இன்னும் என் முன்னால் தொங்குகிறது, அவன் என்கிற திரை, அதன் பின்னால் இளவழுதியை நிறுத்திவிட்டார். இளவழுதி காண்டிராக்ட் ஆள், வேலை நிரந்தரமில்லை, எருக்கங்காட்டைப் படித்ததே இல்லை, பிளாக்கெல்லாம் மொக்கைக்கா, எவன் படிப்பான் என்பான், காலையில் என் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் தன்னுடையதைத் தட்டுவான், அக்கா உங்க கீபோர்டுல ஒரு மூட்டை சிமெண்ட் தேறும், வீடே கட்டலாம் என்பான். கேட்டில் அவன் டப்பாவைத் திறந்து திறந்து மூடுவான். நான் உள்ளேயிருந்து பார்ப்பேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிவு போடலாம், போட்டால் எழுதுவது அவன் இல்லை என்று இவருக்குப் புரியும், புரிந்த உடனே ஜன்னலோரத்தில் மிஞ்சின மேஜையைப் பார்ப்பார். போடாமல் இருக்கலாம், எழுதுவதையே விட்டுவிடலாம், விட்டுவிட்டால் பார்த்தீர்களா, அவனைப் பிடித்ததும் எழுத்து நின்றுவிட்டது என்பார், என் மௌனமே அவன்தான் என்பதற்குச் சாட்சி ஆகிவிடும். எழுதினால் நான், எழுதாவிட்டால் அவன். இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் அதே சுவர். பெனிட்டா. பெனிட்டாவின் பரீட்சை, வீட்டுச் சாவி, தண்ணீர் வருகிற குழாய், அம்மா ஏன் நாம் இங்கிருந்து போகிறோம் என்று அவள் கேட்கப்போகிற குரல், அந்தக் குரலுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, இளவழுதியைப் பற்றி அவள் கேட்டால் இல்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் வருகிறது, தேய்த்துத் தேய்த்து நடப்பான், அவன்தான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார்," என்கிறேன். "படிக்கறதைத்தான் சொன்னேன். எழுதறது எப்படின்னு சொல்லலை." "அது எதுக்கும்மா எனக்கு?" என்று சிரிக்கிறார். கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன், இவர் கீபோர்டு சுத்தமாக இருக்கிறது, ஏர்கண்டிஷனர் அறை, ஜன்னல் திறப்பதில்லை. உள்நுழை என்கிற இடத்தில் பெயரைத் தட்டுகிறேன், எருக்கம்பூ, நானே வைத்த பெயரிலும் ஒரு எழுத்து தப்புகிறது, அழித்துவிட்டு மறுபடி. பிறகு கடவுச்சொல், அது கரும்புள்ளிகளாக ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறது, இவ்வளவு நீளமான கடவுச்சொல்லையா வைத்தேன், விழுந்துகொண்டே இருக்கிறது. பொத்தானை நானே அழுத்துகிறேன். நல்வரவு, எருக்கம்பூ. அதற்குக் கீழே வரிசையாக என் பதிவுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் திருத்து, நீக்கு. "எழுதறவங்க இந்த வழியாத்தான் சார் உள்ள வருவாங்க," என்கிறேன், "கடவுச்சொல் தெரிஞ்சவங்க மட்டும்தான் வர முடியும்." அவர் திரையைப் பார்க்கிறார். பிறகு இன்னும் கீபோர்டின் மேல் இருக்கிற என் விரல்களைப் பார்க்கிறார். முகம் எப்போதும்போலத்தான் இருக்கிறது, கண்ணாடியை மட்டும் நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொள்கிறார். கதவு திறக்கிறது. "கூப்ட்டீங்களா சார்?" இளவழுதி, வாயில் இன்னும் எதையோ மென்றுகொண்டு, என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா" என்கிறான். நீலமேகம் சார் அவன் பக்கம் திரும்பவில்லை. "உன்னை இல்லப்பா," என்கிறார், என் மேலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக. "நீ போ. கதவைச் சாத்திட்டுப் போ."